கிலோமீட்டர் கேக்குறத நிறுத்துங்க மக்களே, மலையேத்துங்க!

"வண்டி எத்தனை ஓடிருக்கு?"

செகண்ட் ஹேண்ட் கார் பாக்கப் போற நம்மாளு வாயில இருந்து வர்ற முதல் கேள்வி இது. ரெண்டாவது, "சிங்கிள் ஓனரா?" மூணாவது, "மைலேஜ் என்ன குடுக்கும்?" அம்புட்டுதான், இன்டர்வியூ ஓவர். ஆபீஸ்ல ஒரு ஃப்ரெஷர் பையன எடுக்கறதுக்கு டெக்னிக்கல் ரவுண்டு, மேனேஜர் ரவுண்டு, ஹெச்ஆர் ரவுண்டுன்னு அவன் உயிர எடுக்கறோம். அஞ்சாறு லட்சம் குடுத்து வாங்குற காருக்கு மூணு கேள்வி, ஒரு தெரு சுத்தல், டயர்ல ரெண்டு உதை. (டயர உதைச்சா என்ன தெரியும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.)

அந்த மூணு கேள்வியும் தண்டம்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் சேலத்துக்காரன், பெங்களூர்ல பொட்டி தட்டுறேன். வீட்டுக்கு ஒரு டிக்கி வச்ச கார் வேணும்னு போன வருஷம் நாலு மாசம் சனி ஞாயிறு எல்லாம் கன்சல்டிங் கன்சல்டிங்கா ஏறி இறங்குனதுல வந்த ஞானம் ஒண்ணே ஒண்ணு. சேலத்துல செடான் வாங்குறவன், அந்த வண்டிய சேர்வராயன் கோயில் வரைக்கும் ஏத்தி இறக்கிப் பாக்காம ஒத்த ரூவா அட்வான்ஸ் குடுக்கக் கூடாது. ஏத்த விடமாட்டேங்கறவர்கிட்ட அந்தக் கார வாங்கவே கூடாது.

ஏன் குறிப்பா செடான்னு கேப்பீங்க. சிட்டி, வெர்னா, சியாஸ், வென்டோ, ரேபிட் இந்த ஜாதியப் பத்திதான் பேசறேன். புதுசுல பத்து பன்னெண்டு லட்சத்துக்கு வித்த வண்டிங்க. ஏழெட்டு வருஷம் கழிச்சு ஒரு புது வேகன்ஆர் விலைக்கோ அதுக்கும் கம்மியாவோ கிடைக்குது. அதுவும் இப்ப ஊரே எஸ்யூவி பைத்தியம் புடிச்சு அலையறதால செடான சீந்த ஆளில்ல, விலை இன்னும் தணிவு. மாருதி 2025ல சியாஸயே நிறுத்திட்டாங்க, வென்டோவும் ரேபிட்டும் அதுக்கு முன்னாடியே போயாச்சு. வாங்குறவனுக்கு நல்ல காலம்தான். ஆனா ஒண்ணு, காரோட விலை பாதியாச்சுன்னா பார்ட்ஸ் விலையும் பாதியாகாது. ஹெட்லைட்டு, ஏசி கம்ப்ரஸர், ஸ்டியரிங் ரேக் எல்லாம் பன்னெண்டு லட்ச ரூவா காரோட விலையிலதான் வரும். ஆட்டோமேட்டிக்ல டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் ஒண்ணு மண்டையப் போட்டா செலவு லட்சத்தைத் தாண்டும். ஆல்டோல தப்பான வண்டி எடுத்தா ஒரு மாச சம்பளம் போகும். இதுல எடுத்தா வருஷ போனஸ் காலி. அதனாலதான் இந்த ஜாதிக்கு பரீட்சை கொஞ்சம் கடுசா இருக்கணும்.

சரி, கிலோமீட்டருக்கு வருவோம். இப்ப மீட்டர்ங்கறது பல் சக்கரம் கிடையாது, டேஷ்போர்டுக்குள்ள இருக்கற ஒரு மெமரி சிப்புல எழுதி வச்ச நம்பர். எழுதுனத திருத்தி எழுத ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் போதும். டேட்டாபேஸ்ல அப்டேட் குவெரி ஓட்டுற மாதிரிதான், ஆடிட் லாக் கூட கிடையாது. பெல்ஜியத்துல 2006ல இருந்து 'கார் பாஸ்'னு ஒரு காகிதம் உண்டு. கராஜுக்குப் போறப்ப எல்லாம் கிலோமீட்டர் பதிவாகும், விக்கறவன் அந்தக் காகிதத்தக் குடுக்கலைன்னா வாங்குனவன் வியாபாரத்தயே ரத்து பண்ணலாம். இங்கிலாந்துல வருஷா வருஷம் நடக்கற எம்ஓடி டெஸ்ட்ல மீட்டர் குறிச்சு வைக்கிறாங்க, வண்டி நம்பர் தெரிஞ்சா யார் வேணா ஆன்லைன்ல பாத்துக்கலாம். நம்ம எம்பரிவாகன்ல வண்டி நம்பர் போட்டா ரிஜிஸ்டர் ஆன தேதி, இன்சூரன்ஸ் எது வரைக்கும், கடன் பாக்கி இருக்கா எல்லாம் வரும். கிலோமீட்டர் வராது. அதாவது நாம முதல்ல கேக்குற கேள்விக்குத்தான் யார்கிட்டயும் சாட்சி இல்ல. கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி இருந்தா சரி. அதுவும் வாரன்டி முடிஞ்சதும் பாதிப் பேர் வெளில விட ஆரம்பிச்சுடுவாங்க, அதோட கணக்கு அறுந்துடும்.

இதுல நம்ம பங்கும் இருக்கு. 45,000 ஓடுன வண்டின்னா அள்ளிக்கிட்டுப் போறோம், 1,05,000ன்னா மூஞ்சியத் திருப்பிக்கறோம். அந்த இடைவெளிக்கு நாம அம்பதாயிரம், எழுபதாயிரம்னு விலை வைக்கறப்ப, அத கேபிள்ல சம்பாதிக்க ஒருத்தன் வரத்தான் செய்வான்.

நிஜமாவே 45,000தான்னாலும் என்ன பெருமை? பெங்களூர்ல அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல வாரம் அஞ்சு நாள் படுத்துக் கிடந்து, மிச்ச ரெண்டு நாள் சில்க் போர்டு டிராஃபிக்ல முதல் கியர்ல ஊர்ந்த வண்டிய விட, சேலம் பெங்களூர் ஹைவேயில நாலாவது அஞ்சாவது கியர்ல லட்சம் ஓடுன வண்டியோட கிளட்ச் நல்லாவே இருக்கும். ரப்பரு, பிரேக் ஆயிலு, டயரு இதெல்லாம் கிலோமீட்டர் பாத்து கெடறதில்ல, வயசு பாத்து கெடும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 30,000 ஓடுன வண்டின்னு சொல்லிட்டு டயர் மாத்தியிருந்தா ஏன் மாத்துனாங்கன்னு கேளுங்க. ஒரிஜினல் டயரே எட்டு வருஷமா இருந்தா அதையும் கேளுங்க.

அடுத்தது சிங்கிள் ஓனர். இது இன்னும் பெரிய காமெடி. ஆர்சி புக்ல ஒரு பேர்தான் இருக்குங்கறதுக்கு ஒரு ஆள்தான் ஓட்டுனான்னு அர்த்தம் கிடையாது. முதல் ஓனர் படிவம் 29லயும் 30லயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவாரு. அந்தப் பேப்பர் அப்படியே ஒரு புரோக்கர்கிட்ட இருந்து இன்னொருத்தர்கிட்ட, அங்க இருந்து ஆறு மாசம் ஓட்டிப் பாத்த ஒருத்தர்கிட்டன்னு சுத்தும், பேர் மட்டும் மாறவே மாறாது. சட்டப்படி வித்தவர் 14 நாளுக்குள்ள, வாங்குனவர் 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குச் சொல்லணும். யாரு சொல்றா? 2018 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்குல இதத்தான் தீர்த்து வச்சுது. கார் பல கை மாறிப் போயிருந்தது, பேர் மாத்தல, விபத்து நடந்துச்சு. நஷ்ட ஈடுக்கு யார் பொறுப்புன்னா, ரெஜிஸ்டர்ல எவர் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு சொல்லிட்டாங்க. அதாவது எப்பவோ வித்துட்டு நிம்மதியா இருந்த மனுஷன் தலையில. கேஸு நடந்ததே அந்த 'சிங்கிள் ஓனர்' ரக வண்டிய வச்சுத்தான்னு யோசிச்சுப் பாருங்க.

2022 டிசம்பர்ல மத்திய அரசு இதுக்குன்னு விதியக் கொண்டு வந்தது, 2023 ஏப்ரல்ல இருந்து அமல். பழைய கார் டீலர் ஆர்டிஓவுல அங்கீகாரம் வாங்கணும், வண்டி அவர் கைக்கு வந்ததும் போர்ட்டல்ல தகவல் குடுக்கணும், அதுக்கப்புறம் பொறுப்பு அவருது. வண்டி வெளில போனா யார் ஓட்டுனா, எதுக்கு, எத்தனை கிலோமீட்டர்னு எலக்ட்ரானிக் டிரிப் ரெஜிஸ்டர்ல எழுதணும். அடுத்த தடவை கன்சல்டிங் போறப்ப, "அண்ணா, அந்த ரெஜிஸ்டர் ஒருவாட்டி பாக்கலாமுங்களா"ன்னு கேட்டுப் பாருங்க. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வைப்பாங்க.

அப்புறம் இந்த சர்டிஃபிகேட். நூத்திச் சொச்சம் பாயிண்ட் செக் பண்ணோம்னு கலர் பிரிண்ட் போட்டு கண்ணாடியில ஒட்டியிருப்பாங்க. நானும் கோடு எழுதுறவன்தான், டெஸ்ட் கேஸ் எண்ணிக்கைய வச்சு ஊர ஏமாத்தறது எப்படின்னு எங்களுக்குத் தெரியாததா? வைப்பர் ஓடுது டிக், ஹாரன் அடிக்குது டிக், கதவு நாலும் தொறக்குது, நாலு டிக். லோடு டெஸ்ட் மட்டும் இருக்காது. வண்டி நிக்கறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

இப்ப சொந்தக் கதை ஒண்ணு. சேலத்துல ஒரு கன்சல்டிங் (பேர் வேணாம்). 2016 மாடல் பெட்ரோல் செடான், வெள்ளை, பாலிஷ் போட்டு பளபளன்னு நிக்குது, மீட்டர் 41,000. ஐந்து ரோடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தோம், வெண்ணெய் மாதிரி போகுது.

"அண்ணா, ஏற்காடு ஒரு ரவுண்டு போயிட்டு வந்துர்றேனுங்க. பெட்ரோல் நான் போட்டுக்கறேன். உங்க பையன் ஒருத்தர் கூட வரட்டும்."

"ஏற்காடா? தம்பி, கார் விக்கறதுக்கு வச்சிருக்கறமுங்க, டூர் உடறதுக்கில்ல."

"மலையில இழுக்குதான்னு பாக்கணுமில்லீங்ளா?"

"இதெல்லாம் ஆரும் கேட்டதில்லீங்க தம்பி. ரிப்போர்ட் இருக்குதல்லங்க, பாருங்க."

ரைட்டுன்னு பாக்கெட்ல இருந்த ஓபிடி டாங்கிள எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகுனேன். ஆயிரம் ரூவாக்குள்ள கிடைக்கற ஐட்டம், ப்ளூடூத்ல போன்ல வரும். அதுல எரர் கோடு எதுவும் இல்ல. ஆனா அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு தகவல் உண்டு, கோடு அழிச்சதுக்கு அப்புறம் வண்டி ஓடுன தூரம். 6 கிலோமீட்டர்னு காட்டுச்சு. அந்த ஆறுல நாலு நான் ஓட்டுனது! காலையில யாரோ உக்காந்து இன்ஜின் விளக்க அணைச்சிருக்காங்க. சர்வீஸ் பண்ணிட்டு அழிச்சிருக்கலாம், பேட்டரி கழட்டி மாட்டியிருக்கலாம், அதுக்கும் வாய்ப்பு உண்டு. கேட்டேன். "அது சைனா பொருள் தம்பி, அதைப் போயி நம்பறீங்க"ன்னாரு. கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

பாருங்க, நிறைய கோளாறு முதல் தடவையே விளக்கு போடாது. ஒரு ஓட்டத்துல கண்டுபிடிச்சு மனசுல வச்சுக்கும், அடுத்த ஓட்டத்துலயும் வந்தாத்தான் விளக்கு எரியும். அஞ்சு நிமிஷ டெஸ்ட் டிரைவ்ல கம்ப்யூட்டருக்கே கோளாறு தெரியாதுன்னா நமக்கு எப்படித் தெரியும்?

இனி மலைக்குப் போலாம். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர். சேர்வராயன் கோயில் நிக்கற உச்சி 5,326 அடி, அதாவது 1,623 மீட்டர். நடுவுல 20 கொண்டை ஊசி. ஏற்காடு ஏரியத் தாண்டி கோயிலுக்கு இன்னும் அஞ்சாறு கிலோமீட்டர். போக வர எழுபது கிலோமீட்டர் வச்சுக்கங்க. இதுக்கு மேல ஒரு ஒர்க்ஷாப்பு தமிழ்நாட்டுல எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அடிவாரம் தாண்டுனதும் மூணாவது கியர்ல போட்டு ஆக்சிலரேட்டர நல்லா மிதிங்க. ஆர்பிஎம் எகிறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சது. பிளாட் ரோட்டுல இது தெரியவே தெரியாது. கொண்டை ஊசியில ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு லோடோட ஏத்தறப்ப முன் சக்கரத்துல இருந்து கடக் கடக்னு சத்தம் வந்தா ஆக்ஸில் ஜாயிண்ட் போச்சு. ஊருக்குள்ள ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கறது பார்க்கிங்ல மட்டும்தான், அப்ப லோடு இருக்காது. இங்க இருபது தடவை, இடம் வலம்னு மாத்தி மாத்தி சான்ஸ் கிடைக்குது. நாலு பேர் உக்காந்து போங்க, அடி இடிக்குதான்னும் தெரிஞ்சுடும்.

ஏறும்போது ஏசி போட்டே போங்க. டெம்பரேச்சர் முள்ளுல ஒரு கண்ணு. 2014ல வந்த சிட்டி மாதிரி சில வண்டியில முள்ளே கிடையாது, நீல விளக்கு சிவப்பு விளக்கு ரெண்டுதான், சிவப்பு வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். அங்கதான் டாங்கிள் வேணும், டிகிரி கணக்குல காட்டும். இன்னொண்ணு, உச்சிக்குப் போகப் போக டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி நூத்துக்குப் பதினஞ்சு கிட்ட பவர இழக்கும். காத்து அடர்த்தி குறையறதால வர்ற விஷயம், வண்டியத் திட்டாதீங்க. டீசல் டர்போ வண்டிக்கு அது அவ்ளோ தெரியாது. தெரிஞ்சா டர்போவப் பாக்கணும்.

மேல போனதும் பனி இருந்தா அதிர்ஷ்டம். ஹீட்டர முழுசா திருப்புங்க. சேலத்துக்காரன் ஜென்மத்துக்கும் ஹீட்டர் போடமாட்டான், அதனால அந்தப் பக்கம் என்ன செத்துக் கெடக்குதுன்னு ஓனருக்கே தெரியாது. சூடு வரலைன்னா கூலன்ட் சரியா சுத்தல. சேத்து வாடை அடிச்சா சீட்டுக்கு அடியில கார்பெட்டத் தூக்கிப் பாருங்க, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில எத்தனை கார் முங்குச்சுன்னு டிவில பாத்தோமே, அதெல்லாம் எங்க போச்சு? இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம்னு எழுதுன வண்டிங்க ஏலத்துல போகும், ஏலத்துல எடுத்தவர் சும்மா வச்சுக்கிட்டு இருப்பாரா? சேலத்துல ஏதுய்யா வெள்ளம்னு நினைக்கறவன்தான் அதுக்கு சரியான கஸ்டமர்.

கோயில் இருக்கற இடம் நல்ல சமவெளி. வண்டிய நிறுத்தி ஏசியோட பத்து நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்னு ஓடுதான்னு கேளுங்க. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு சாமி கும்பிடப் போங்க. குகைக் கோயில், குனிஞ்சுதான் உள்ள போகணும், சேர்வராயனும் காவேரியம்மனும் இருப்பாங்க. நீங்க வெளிய வர்ற நேரம், சூடான இன்ஜின் மறுபடி ஒரே செல்ஃப்ல எடுக்குதான்னு பாக்கறதுக்கு சரியா இருக்கும். வண்டி நின்ன இடத்துல தரையில சொட்டு இருக்கான்னு பாருங்க. ஏசி தண்ணி பரவாயில்ல. பச்சையோ சிவப்போ கறுப்போ இருந்தா கேள்வி. நம்ம ஊர்ல வண்டி வாங்குன பிறகு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தறதுக்குத்தான் கோயிலுக்குப் போறோம். வாங்கறதுக்கு முன்னாடி போங்கய்யா.

இறக்கம்தான் முக்கியம். ஒரு சின்னக் கணக்கு. ஆளுங்களோட சேத்து 1,400 கிலோ வண்டி, 1,340 மீட்டர் இறங்குது. சுமார் 18 மெகா ஜூல், கிட்டத்தட்ட அஞ்சு யூனிட் கரண்ட். அத்தனையும் எங்கியாவது சூடா மாறித்தான் ஆகணும். ரெண்டாவது கியர்ல இன்ஜின் பிடிச்சது போக மிச்சம் பூரா பிரேக்குக்குத்தான். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனா 140லயே கொதிச்சிடலாம். கொதிச்சா பைப்புக்குள்ள ஆவி, மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி தரையத் தொடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், ஆனா கூலன்ட்டு மாத்துனியா பேட்டரி மாத்துனியான்னு கேக்கறவன் கூட பிரேக் ஆயில கேக்கறதில்ல. 2024 ஏப்ரல் 30 அன்னிக்கு இதே ரோட்டுல சேலத்துக்கு இறங்குன தனியார் பஸ் கொண்டை ஊசியில கவிழ்ந்து உயிர்கள் போச்சு. அதோட காரணத்த நான் இங்க பேச வரல, அந்த ரோடு எப்படிப்பட்டதுன்னு சொல்றேன். பெடல் பஞ்சாகுதான்னு பாக்கறதுக்கு நிதானமா, தனியா, பகல்ல, பின்னாடி நண்பன் ஒருத்தன் பைக்ல வர, நாமளே போறது ஒரு வகை. வாங்கி மூணாவது மாசம் அம்மா அப்பா அக்கா குழந்தைங்களோட போறப்ப தெரிய வர்றது இன்னொரு வகை.

பின்னாடி பைக் எதுக்குன்னா, நீளமான இறக்கத்துல ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டே வந்துட்டு அடிவாரத்துல ஒரே மிதி மிதிச்சா, சைலன்ஸர்ல நீலப் புகை வருதான்னு பாக்கத்தான். வந்தா வால்வு சீல் போயி ஆயில் உள்ள இறங்குது. இத எந்தப் பாயிண்ட் செக்கும் காட்டாது.

இப்படி நாலு வண்டி கேட்டு ரெண்டு வண்டி ஏத்துனேன். ரெண்டுமே ஓனர்கிட்ட நேரடியா. முதல் வண்டி மீட்டர் 38,000, பத்தாவது வளைவுலயே 110 டிகிரியத் தாண்டுச்சு, ஓரமா நிறுத்தி ஆற விட்டு திருப்பிட்டேன். ரெண்டாவது 2017 சிட்டி, 92,000 ஓடுனது, அஸ்தம்பட்டியில ஒரு ரிட்டயர்டு வாத்தியார்து. "ஏத்திப் பாருங்க தம்பி, நான் வருசத்துக்கு நாலு தடவை ஏத்தறவன்தான்"னு சாவியக் கையில குடுத்துட்டாரு. இறக்கத்துல பிரேக் போட்டப்ப ஸ்டியரிங் லேசா ஆடுச்சு, முன் டிஸ்க் ரெண்டும் மாத்தற காச விலையில கழிச்சுக்கிட்டாரு. அதைத்தான் வாங்குனேன்.

ஆபீஸ்ல இத சொன்னப்ப வந்த எதிர்ப்பு ரெண்டு. ஒண்ணு, "எல்லாரும் டெஸ்ட் டிரைவ்னு ஏற்காடு கிளம்புனா வியாபாரி என்னடா பண்ணுவான், ஓசி டூர் ஆயிடும்ல?" நியாயம்தான். ரெண்டாயிரமோ மூவாயிரமோ டெபாசிட் வாங்கிக்கட்டும், ஆள அனுப்பட்டும், வண்டிய எடுத்தா கழிச்சுக்கட்டும். அஞ்சு லட்ச ரூவா வியாபாரத்துல இது ஒரு தொகையா? வாங்க வர்ற பத்து பேரும் கேட்டா பதினோராவது ஆளுக்கு அவங்களே சாவி குடுப்பாங்க. ஒருத்தன் மட்டும் கேக்கறதாலதான் அவன் லூசு மாதிரி தெரியறான்.

ரெண்டாவது, "உங்க ஊர்ல மலை இருக்கு, சென்னையில நாங்க கத்திப்பாரா பாலத்தயா ஏத்திப் பாக்கறது?" அவ்வ்வ். வேலூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு ஏலகிரி 14 வளைவோட இருக்கு, கோயமுத்தூர்க்காரங்களுக்கு குன்னூர் ரோடு. சென்னை மக்கா, மலை இல்லைன்னா நாப்பது அம்பது கிலோமீட்டர் ஹைவேயில ஓட்டுங்க, மைதானத்துல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு எட்டு போடுங்க, பாதி பரீட்சையாவது நடக்கும். தயவு செஞ்சு கொல்லிமலைக்கு மட்டும் கொண்டு போகாதீங்க. 70 கொண்டை ஊசி பரீட்சை இல்ல, தண்டனை. விக்கறவர் பாவம்.

டிஸ்கி 1: ஹோண்டா வாங்குறவங்க, பழைய சிட்டியில டகாடா ஏர்பேக் ரீகால் இருந்தது. சேசிஸ் நம்பர கம்பெனி சைட்ல போட்டா பாக்கி இருக்கான்னு தெரிஞ்சுடும், மாத்தறது இலவசம். லோன் இருந்த வண்டின்னா பேங்க் என்ஓசியும் படிவம் 35ம் கைக்கு வராம மிச்சப் பணத்தக் குடுக்காதீங்க.

டிஸ்கி 2: மே மாசம் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும். அந்த வாரத்துல டெஸ்ட் டிரைவ் போனீங்கன்னா கிளட்ச் சோதனை நீங்க கேட்டதுக்கு மேலயே நடக்கும், ஆனா உச்சி போய் சேர சாயங்காலம் ஆயிடும். சாதாரண செவ்வாய் புதனா பாத்து லீவு போடுங்க.